ராணுவ லாரி வாங்கினால் முதல் செலவு பிரேக்குக்கு

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் டயரில்தான் கை வைக்கிறார்கள். பின்னால் இருக்கும் எட்டு டயரையும் கழற்றிவிட்டு நாலு பெரிய டயர் மாட்டினால் வண்டி நிற்கிற நிற்பே வேறு, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கையில் இருக்கிற முதல் காசு பிரேக்குக்குத்தான் போகவேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் அதைத்தான் சொல்லப்போகிறேன், கூடவே மற்ற கோளாறுகளை எப்படித் தேடுவது, எதை மாற்றலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பதையும்.

நான் இருப்பது டெக்சாஸ். வாரநாளில் கணினி வேலை, சனி ஞாயிறு இந்த வண்டிக்கு அடியில்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எம்35 வரிசையை ரியோ என்ற லாரி நிறுவனம் 1949-50 வாக்கில் வடிவமைத்தது. காட்டு வழியில் இரண்டரை டன், நல்ல ரோட்டில் ஐந்து டன் ஏற்றலாம் என்பது கணக்கு. ஆறு சக்கர இடம், ஆறும் இழுக்கும். ஏ2 வகையை கைசர் ஜீப்பும் அப்புறம் ஏஎம் ஜெனரலும் இந்தியானா மாநிலத்து சவுத் பெண்டில் ஆயிரக்கணக்கில் கட்டின. வியட்நாமில் ஓடியது, அதற்கப்புறமும் பல வருடம் ஓடியது. என்ஜின் எல்டிடி-465, ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ உண்டு, இருந்தும் சுமார் 130 குதிரைத்திறன்தான். வெறும் வண்டியே ஆறு டன்னை ஒட்டி எடை இருப்பதால் மணிக்கு 55 மைல் தொட்டால் அதுவே உச்சம். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல், எதை ஊற்றினாலும் எரிக்கும். பிஸ்டன் தலையில் இருக்கும் உருண்டைக் குழியின் சுவரில் எரிபொருளைப் படியவிட்டு எரிக்கும் முறை அது, ஜெர்மனியின் மேன் நிறுவனம் உருவாக்கியது. நம்மூர் ராணுவம் ஓட்டிய சக்திமான் லாரியும் அதே மேன் நிறுவனத்தின் உரிமம் வாங்கி ஜபல்பூரில் கட்டியதுதான், சின்ன வயதில் அந்த வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மூக்கும் இந்தப் பச்சையும் புதிதாக இருக்காது.

டர்போவைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அதை வைத்தது வேகத்துக்காக இல்லை, முக்கியமாகக் கரும்புகையைக் குறைக்க. பழைய வகை டர்போ வந்த வண்டி கியர் மாற்றி மேட்டில் ஏறும்போது கோயம்புத்தூர் மில் சங்கு தூரத்தில் ஊதுவதுபோல ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வண்டியை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எனக்குப் புரிகிறது.

சரி, பிரேக். ஆறு சக்கரத்திலும் டிரம் பிரேக், எண்ணெயில் வேலை செய்வது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தம் ‘ஏர் பேக்’ என்கிற ஒரு பெரிய உருளைக்குப் போகிறது, அங்கே காற்றழுத்தம் சேர்ந்து அந்த அழுத்தத்தைப் பல மடங்கு ஆக்கி சக்கரங்களுக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாம் ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்து ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் ஆறு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இதை நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு நம்பவே முடியவில்லை.

“என்ன மாப்ள சொல்ற, ஒத்த மாஸ்டர்ல ஆறு சக்கரமுமா?”

“ஆமாங்க மாமா, ரெண்டாவது லைனே கிடையாது.”

“அப்ப ஹோஸ் எல்லாத்தையும் மாத்தாம கேட்டுக்கு வெளிய எடுக்காத.”

அவர் சொன்னதுதான் சரியான வரிசை. ஏலத்தில் வரும் வண்டி பல வருடம் வெயிலில் சும்மா நின்றிருக்கும். ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், மடித்துப் பார்த்தால் நரம்பு நரம்பாக வெடிப்பு தெரியும். ஹோஸ் மொத்தமும் புதிது, வீல் சிலிண்டர்கள் புதிது அல்லது உள் ரப்பர் கிட் போட்டது, மாஸ்டர் சிலிண்டர் புதிது, ஏர் பேக் பிரித்துச் சீல் மாற்றியது, இரும்புக் குழாய்களில் துரு இருக்கிற இடமெல்லாம் மாற்றியது, இவ்வளவும் முடித்துவிட்டுத்தான் ரோடு. இதற்கு ஆகிற காசு ஒரு செட் டயர் காசைவிடக் குறைவு.

எண்ணெயில் கவனம் வேண்டும். 1980களிலிருந்து ராணுவம் இந்த வண்டிகளுக்கு சிலிகான் எண்ணெய்தான் ஊற்றியது, டாட் 5, ஊதா நிறம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3, டாட் 4 இரண்டும் இதோடு சேராது. டாட் 5.1 என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது, அதுவும் டாட் 3 வகைதான். சிலிகான் எண்ணெய் தண்ணீரை உறிஞ்சாது என்பது நல்லதும் கெட்டதும். உள்ளே போன தண்ணீர் கலக்காமல் பள்ளமான இடத்தில், பெரும்பாலும் வீல் சிலிண்டரின் அடியில், தேங்கி அந்த ஒரு இடத்தை மட்டும் அரித்துவிடும். ஒரு வீல் சிலிண்டரைப் பிரித்துப் பாருங்கள், மேல்பாதி கண்ணாடியாக இருக்கும், கீழே ஒரு நகம் அளவுக்குக் குழி விழுந்திருக்கும்.

இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு, மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும், ஊற்ற ஊற்றக் குறையும், ஆனால் எங்கேயும் கசிவு தெரியாது. சக்கரங்களின் உட்புறம் காய்ந்திருக்கும், குழாய் இணைப்புகள் காய்ந்திருக்கும், தரையில் சொட்டு இருக்காது. அந்த எண்ணெய் போகிற இடம் ஏர் பேக்கின் காற்றுப் பக்கம். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து எண்ணெய் அந்தப் பக்கம் தாண்டிவிடும், உருளைக்குள்ளேயே தேங்கி நிற்கும். பிரேக்கை மிதிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு வெளியேறிவிடுவதால் கண்ணுக்கே படாது. ஏர் பேக்கின் காற்றுக் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தால் ஊதாக் கறை ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கறையைப் பார்த்துவிட்டால் அன்றோடு வண்டியை நிறுத்திவிட்டு ஏர் பேக்கைக் கீழே இறக்கவேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிற பேச்சே கிடையாது. திரும்ப மாட்டியபின் ஏர் எடுக்கும்போது, அதாவது எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, முதலில் ஏர் பேக்கில் இருக்கும் நிப்பிளில் எடுத்துவிட்டு அப்புறம் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும், இல்லையென்றால் மிதி எப்போதும் மெத்து மெத்தென்றே இருக்கும்.

இதெல்லாம் சரியான பிறகு செய்யத் தகுந்த மாற்றம் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். முன் ஆக்சிலுக்கு ஒன்று, பின்னால் இரண்டு ஆக்சிலுக்கும் ஒன்று என்று பிரித்துவிடலாம், இரண்டாவது ஏர் பேக் ஒன்றும் சேர்ந்து வரும், தாங்கிப்பிடிக்கும் தகடுகளை வெட்டி வெல்டிங் செய்யவேண்டியிருக்கும். பழைய வண்டியின் அசலைக் கெடுக்கிறோமே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் வருத்தப்படவில்லை. கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அசல் முக்கியம், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கும் வண்டிக்கு இரண்டாவது சர்க்யூட் முக்கியம். கை பிரேக்கை நம்பாதீர்கள், அது டிரான்ஸ்ஃபர் கேசின், அதாவது என்ஜின் இழுவையை ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின், பின்னால் ஒரே ஒரு டிரம், நிறுத்தி வைத்த வண்டியைப் பிடிக்கத்தான் அது. லிவரின் நுனியில் இருக்கும் குமிழைத் திருகினால் இறுக்கம் கூடும், அதையாவது சரியாக வைத்திருக்கவேண்டும்.

காற்றழுத்தம் 60 பவுண்டுக்குக் கீழே இருக்கும்வரை பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும், அது நிற்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது. வைப்பர்கூட காற்றில்தான் ஓடுகிறது. காற்று சீக்கிரம் இறங்குகிறதா, சோப்புத் தண்ணீரைத் தெளித்து இணைப்பு இணைப்பாகப் பார்த்தால் போதும். காற்று டேங்கில் சேரும் தண்ணீரை ஓட்டிய அன்றே திறந்துவிடவேண்டும்.

அடுத்தது மின்சாரம். இதில்தான் நிறையப்பேர் காசை வீணாக்குகிறார்கள். வண்டி 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறார்கள், சாவி கிடையாது, ஒரு லிவரைத் திருப்பிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் செல்ஃப் எடுக்கவேண்டும். எடுக்கவில்லை, டக்கென்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே புது செல்ஃப் மோட்டார் வாங்கிவிடுகிறார்கள், எடையான பொருள், விலையும் அதிகம், மாட்டியபிறகும் அதே டக். மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்ப்பில் வேண்டாம், ஈயக் கம்பத்தில். மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு வையுங்கள். வேறொருவர் பட்டனை அழுத்தட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. 2, 3 வோல்ட் காட்டுகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பேட்டரிப் பெட்டியிலிருந்து சேஸிசுக்குப் போகும் எர்த் கேபிள் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயிண்ட், அதற்கு அடியில் துரு, அதன் மேல் இன்னொரு பெயிண்ட், ஏனென்றால் ராணுவத்தில் ஒவ்வொரு தடவை வண்டிக்கு நிறம் அடிக்கும்போதும் அந்த போல்ட்டின் மேலேயும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் அதே பழைய செல்ஃப் மோட்டார் வண்டியை உலுக்கி எழுப்பும்.

வயரிங் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஒவ்வொரு வயரிலும் எண் பொறித்த சின்ன உலோகப் பட்டை, தண்ணீர் புகாத ரப்பர் இணைப்பு, எந்த எண் எங்கே போகிறது என்று கையேட்டில் படம். அதை வெட்டி நடுவில் டேப் சுற்றிய இணைப்பு போடுகிறவர்கள் அடுத்த உரிமையாளருக்குத் தலைவலியை எழுதி வைக்கிறார்கள். ரேடியோ வைக்கவும் போன் சார்ஜ் போடவும் 12 வோல்ட் வேண்டுமென்றால் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து வயர் இழுத்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். அந்த ஒரு பேட்டரி மட்டும் குறைந்துகொண்டே போகும், ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே பேட்டரியாக நினைத்து ஏற்றும், அதனால் மற்றது அளவுக்குமீறி ஏறிக் கொதிக்கும், கொஞ்ச நாளில் இரண்டுமே போய்விடும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போதும்.

பகலில் பிரேக் லைட் எரியவில்லை என்று பல்பு, சுவிட்ச் எல்லாம் மாற்றுகிறவர்களும் உண்டு. மூன்று லிவர் உள்ள அந்த லைட் சுவிட்சில் ‘ஸ்டாப் லைட்’ என்று தனியாக ஒரு நிலை இருக்கிறது. சுவிட்ச் முழுக்க அணைந்திருந்தால் மிதியை அழுத்தினாலும் பின்னால் எரியாது, எதிரி கண்ணுக்கு வண்டி தெரியக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. பகலில் கிளம்பும்போதெல்லாம் அந்த நிலையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இந்த மாதிரி விஷயமெல்லாம் கையேட்டில் இருக்கிறது. டிஎம் 9-2320-361 என்ற வரிசை, கடைசியில் 10 என்று முடிவது ஓட்டுநருக்கு, 20 என்று முடிவது பட்டறைக்கு. அரசாங்க வெளியீடு என்பதால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கோளாறு தேடும் பகுதியைக் கட்டாயம் படிக்கவேண்டும், இன்ன அறிகுறி, முதலில் இதைச் சோதி, அது சரியாக இருந்தால் அடுத்து இதைச் சோதி என்று படிப்படியாகப் போகும். லாரியையே அதுவரை தொட்டிராத இளம் சிப்பாயை மனதில் வைத்து எழுதியது, அதனால் எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாது. என்னைப் போலப் பட்டறையில் வளராதவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைத்ததில்லை.

எரிபொருள் பக்கம் பெரிய பயம் ஒன்றுதான், இன்ஜெக்‌ஷன் பம்பின் ஹைட்ராலிக் ஹெட், எரிபொருளை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்பும் பகுதி. விலை அதிகம், அழுக்கும் தண்ணீரும் அதற்கு ஆகாது. எந்த எரிபொருளிலும் ஓடும் வண்டிதானே என்று ஹோட்டல் எண்ணெய், வடித்த என்ஜின் ஆயில் எல்லாம் கலந்து ஊற்றுகிறவர்கள் இங்கே ஏராளம். ஊற்றலாம், ஆனால் வடிகட்டாமல் ஊற்றினால் மிச்சம் பிடித்த காசு எல்லாம் அந்த ஒரு ஹெட்டுக்குப் போய்விடும். என்னுடையதில் நான் டீசல்தான் போடுகிறேன். பழைய கிண்ண ஃபில்டரை எடுத்துவிட்டு, திருகி மாட்டும் ஃபில்டருக்கு மாறுவது நல்ல மாற்றம், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், மாற்றும்போது கை நனைவதும் குறைவு.

கிளம்புமுன் டிப் ஸ்டிக்கில் ஆயில் பார்க்கும்போது குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் கூடியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கூடியிருந்தால் டீசல் ஆயிலோடு கலக்கிறது என்று அர்த்தம், விரலில் தொட்டு முகர்ந்தாலே தெரிந்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் பேரிங் போகும், அதைவிட மோசம், என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்துவிடலாம். வண்டியை அணைப்பதற்கு சாவி இல்லை, எரிபொருளை நிறுத்தும் கேபிள் மட்டும்தான், அதைத் தவறாமல் எண்ணெய் விட்டு இலகுவாக வைத்திருக்கவேண்டும். ஆயிலிலேயே ஓடும் என்ஜினுக்கு அந்தக் கேபிளும் உதவாது, காற்று போகும் வழியை அடைப்பதுதான் வழி, அதற்குத் தோதான பலகை ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். கையை வைத்து அடைக்க நினைக்கவே கூடாது.

பம்பின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் எரிபொருள் கூடும், வண்டி நன்றாக இழுக்கும், எல்லோருக்கும் ஆசை வரும். செய்வதாக இருந்தால் டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் ஒன்று வைத்துவிட்டுச் செய்யுங்கள், 1,200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தாண்டினால் ஹெட் கேஸ்கெட்டில் ஆரம்பித்து பிஸ்டன்வரை போகும். இந்த என்ஜினின் கனெக்டிங் ராட் அதிக சுற்றைத் தாங்காது என்பதும் இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 2,600 சுற்றுதான் எல்லை. மேட்டில் எரிபொருளைக் குறைத்து சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பார்த்துக்கொள்ளும், இறக்கத்தில் வண்டியின் எடையே என்ஜினைச் சுற்றும்போது கவர்னரால் ஒன்றும் செய்யமுடியாது. ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வார்களே, அதைவிட ஒரு படி மேலேயே கவனமாக, சுற்று மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இறங்கவேண்டும்.

இப்போது டயருக்கு வரலாம். அசல் டயர் 9.00-20, சேற்றுக்கு ஏற்ற குறுக்குப் பட்டை, ரோட்டில் ஊளையிடும், மழையில் வழுக்கும். பின்னால் இரட்டையை எடுத்துவிட்டு ஒற்றையாக 11.00ஆர்20 அல்லது 395/85ஆர்20 போடுகிறார்கள். 395 போட்டால் உயரம் 40 அங்குலத்திலிருந்து 46-க்கு வந்துவிடும், அதே சுற்றில் வேகம் கூடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், மேட்டில் திணறும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள்பட்டை வேண்டும். பெரிய டயர் பிரேக்குக்கும் கூடுதல் வேலை வைக்கிறது, அதனால்தான் வரிசையை மாற்றாதீர்கள் என்கிறேன். பழைய ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம், லாக் ரிங், இருக்கும். அந்த டயரை இரும்புக் கூண்டில் வைக்காமல் காற்றடிக்கவே கூடாது, சரியாக உட்காராத ரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். மாமா இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு போனிலும் கேட்டுவிட்டுத்தான் வைப்பார், அவர் பட்டறை வாழ்க்கையில் பார்த்ததை நான் கேட்டதில்லை.

ஏலத்தில் பார்க்கப் போகிறவர்களுக்கு: எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்று இல்லாமல் வண்டியைப் பதிவு செய்ய அலையவேண்டியிருக்கும், அது உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அப்புறம் சக்கரங்களின் உட்புறத்தைக் குனிந்து பாருங்கள். டயரின் உள்பக்கச் சுவரில் கருப்பாக ஈரக் கோடு இறங்கியிருந்தால் ஹப் சீல் போயிருக்கிறது, ஆக்சில் ஆயில் டிரம்முக்குள் வந்து பிரேக் லைனிங்கை நனைத்திருக்கும், நனைந்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். என் வண்டியில் இப்போது நடு ஆக்சிலின் இடதுபக்கம் அந்தக் கோடு தெரிகிறது. உள் சீல், வெளிச் சீல், பேரிங்குக்குப் புது கிரீஸ், லைனிங், எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது. பவர் ஸ்டியரிங் கிட்டும் பெட்டியில்தான் இருக்கிறது, அது இந்த ஹப் முடிந்த பிறகு.